தாயேசேக்காக ஓதிய வரி

எங்கள் கோவில் வாசகன் ஹாத்ரேக்கு எழுத்து தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் யாராவது கண்டுபிடித்தது போல வந்து சொல்வதற்கு முன். நாற்பது வருடம் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, விரித்த வேதப் புத்தகத்தைப் பார்த்து ஊருக்கே வாசித்தான். அதில் ஓர் எழுத்தைக்கூட அவன் படித்ததில்லை.

நான் திருத்தொண்டன் ஓரியோன். பாத்திரம் கழுவுவது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, விதவைகளுக்கு ரொட்டி பங்கிடுவது, வாய்க்கால் சண்டையில் குறுக்கே நின்று அடி வாங்குவது எல்லாம் என் தலையில்தான் விழும். ஹாத்ரேயைப் பற்றி எழுதுவதும் இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. அவனுக்குப் பிள்ளை குட்டி இல்லை. எனக்கோ கண் மங்கிவிட்டது, உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யார் எழுதப் போகிறார்கள்?

அவன் அப்பா புறாக்கூண்டுகளில் எச்சம் அள்ளுகிறவர். மண்ணால் கட்டிய உயரமான கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஆயிரம் புறாக்கள். கீழே குவியும் எச்சத்தைக் கூடையில் அள்ளி, கழுதைமேல் ஏற்றி, திராட்சைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அப்பா செத்ததும் ஹாத்ரே அந்த வேலைக்குப் போனான். எவ்வளவு குளித்தாலும் அந்த வாடை போகாது. கோவிலில் பெண்கள் மூக்கை மூடிக்கொண்டு முனகுவார்கள். அதனால் அவன் எப்போதும் வாசல் நிலையை ஒட்டியே நிற்பான். அங்கிருந்து எதுவும் தெரியாது, கேட்கத்தான் முடியும். கேட்டான். கேட்டதெல்லாம் அவனுக்குள் அப்படியே தங்கிவிட்டது, அவன் ஒன்றும் முயற்சி செய்யாமலேயே.

பழைய வாசகர் இறந்தபோது ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. வேறு ஊரிலிருந்து ஆள் கூப்பிட வழியில்லை. எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். என் குரல் எனக்கே பிடிக்காது. பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் தூங்குகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். மூன்றாவது வாரம் நடுவில் எனக்கு வரி தவறிவிட்டது. விரலால் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலிலிருந்து ஹாத்ரேயின் குரல், நான் விட்ட இடத்திலிருந்து, ஒரு சொல் பிசகாமல், கடைசிவரை. யாரும் தூங்கவில்லை.

அப்புறம் என்ன, அவனையே வாசகனாக்கினோம். ஆனால் வாசகன் என்றால் கையில் புத்தகம் வேண்டும், பக்கம் திருப்ப வேண்டும். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து நான் சொல்லிக் கொடுத்தேன். படிக்க அல்ல, திருப்ப.

“இங்க எண்ணெய்க் கறை இருக்கு பாரு. ‘எழுந்திரு’ன்னு சொல்லும்போது இதத் திருப்பு. அடுத்தது மூலை கிழிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் புழு அரிச்ச ஓட்டை.”

“புழுவுக்குத் தெரிஞ்ச அளவுகூட எனக்கு எழுத்து தெரியல பாரு” என்றான்.

“புழு சாப்பிட்டுத் தெரிஞ்சுக்கிச்சு. நீ அதெல்லாம் பண்ணிடாத.”

அவன் ஒருநாளும் தப்பாகத் திருப்பியதில்லை.

எங்கள் கோவிலில் ஒன்பது புத்தகங்கள் இருந்தன. அதில் தடித்த ஒன்றில் முதலில் பேதுரு எழுதிய கடிதம், அது முடிந்ததும் அதே ஏட்டில், அதே கையெழுத்தில், பேதுருவின் பேரால் வழங்கிய இன்னொரு புத்தகம். கர்த்தர் பேதுருவுக்கு மறு உலகத்தைக் காட்டுகிற புத்தகம் அது. எந்தப் பாவிக்கு எந்த நெருப்பு, எவ்வளவு காலம், எல்லாம் விவரமாக இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, கர்த்தர் உயிர்த்தெழுந்த பாஸ்கா திருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கடிதத்தைத் தொடர்ந்து அதையும் வாசிப்போம். யார் எழுதினார், ஏன் எழுதினார் என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. பேதுருவின் பேர் போட்டிருக்கிறது, போதாதா?

இங்கேதான் தாயேசே வருகிறாள். ஊர்ப் பொது அடுப்பில் ரொட்டி சுடுகிற விதவை. அவளுக்கு ஒரே மகன், பமூன். தண்ணீர் முறைச் சண்டையில் பக்கத்து வயல்காரனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டு, ஆற்றில் குதித்து அக்கரைக்கு நீந்தப் பார்த்தான். மூன்றாம் நாள் கீழ்க்கரையில் ஒதுங்கினான். மன்னிப்புக் கேட்க நேரம் கிடைக்காமல் செத்தவன். அவன் எங்கே போனான் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. தாயேசேக்கும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைகளில் அவள் முன்வரிசையில் உட்காருவாள். கொலைகாரர்களின் நெருப்பு வரும்போது முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொள்வாள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வரி வரும். நல்லவர்கள் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தபின், நெருப்பில் கிடக்கும் யாருக்காகக் கேட்டாலும் அவர்களை விட்டுவிடுவார்கள் என்று. அந்த வரியில் முக்காட்டை எடுப்பாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள். கேட்க வேண்டுமென்றால் முதலில் நல்லவளாகப் போய்ச் சேர வேண்டும் அல்லவா? வாரத்தில் மூன்று நாள் நோன்பு. வழிப்போக்கன் எவன் வந்தாலும் ரொட்டி. கொலையுண்டவனின் பெண்டாட்டிக்குத் தினமும் முதல் ரொட்டியைக் கொண்டுபோய்ப் படியில் வைப்பாள். அவள் அதை நாய்க்குப் போடுவாள். மறுநாளும் இவள் கொண்டுபோய் வைப்பாள். ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டேன்.

“எதுக்குக்கா இந்தப் பாடு? அவதான் தொடறதே இல்லையே.”

“அவ தின்னணும்னு வைக்கலப்பா. நான் கேக்கப் போறது பெரிசு. கை காலியா போய் நின்னா கேக்க வாய் வருமா?”

அடுப்புப் புகையில் அவள் கண் எப்போதும் சிவந்திருக்கும். அழுகிறாளா புகையா என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அலெக்சாந்திரியாவிலிருந்து பெரிய ஆயரின் கடிதம் வந்தது. ஒவ்வொரு வருடமும் பாஸ்கா தேதியைச் சொல்லி வருகிற கடிதம்தான். அந்த வருடம் அதில் ஒரு பட்டியலும் இருந்தது. இன்னின்ன புத்தகங்கள் வேதம், வேறெதுவும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று. கடிதத்தோடு, எங்கள் கோவிலை நடத்தப் புது மூப்பர் ஒருவரும் வந்தார். கொல்லூத்து என்று பெயர். சின்ன வயது, மெல்லிய கை, நல்ல படிப்பு. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்ய நினைக்கிறவர், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

வந்த இரண்டாம் நாளே ஒன்பது புத்தகங்களையும் விரித்துப் போட்டுப் பார்த்தார்.

“இந்த மூணும் பட்டியல்ல இல்ல. இது வேண்டாம், ஓரியோன். அப்புறப்படுத்திடுங்க.”

“அப்புறப்படுத்தறதுன்னா எப்படிங்கய்யா?”

“அடுப்பு இருக்குல்ல?”

எனக்கு முதுகுவலி, வெயில் வேறு. புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனேன். வாதாடியிருக்கலாம். ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம், இதைச் சீக்கிரம் முடித்துவிட்டு நிழலில் போய் உட்கார வேண்டும் என்பதுதான். ஊரில் பெரிய அடுப்பு தாயேசேயுடையது. அவள் மாவு அரைக்கப் போயிருந்தாள். அவள் அடுப்பிலேயே போட்டுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் அந்தச் சூட்டில் அவள் ரொட்டி சுட்டாள், எதன் சூடு என்று தெரியாமல். நான் அதையும் வாங்கித் தின்றேன்.

மறுநாள்தான் உறைத்தது, செய்த முட்டாள்தனம். பேதுருவின் கடிதமும் அதே அட்டைக்குள் இருந்தது. அது பட்டியலில் உள்ள கடிதம். புத்தகத்தை நடுவில் திறந்து பார்த்த மூப்பர் முதல் பாதியைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. வேதத்தையே அடுப்பில் போட்டுவிட்டோம்.

கொல்லூத்து வெளிறிப்போனார். பக்கத்து ஊர்களில் பிரதி இல்லை. கடைசியில் நான்தான் சொன்னேன், “ஹாத்ரேக்கு மனப்பாடம்யா. அவன் சொல்லட்டும், நீங்க எழுதுங்க.”

மூன்று நாள் உட்கார்ந்தார்கள். ஹாத்ரே சொல்லச் சொல்ல மூப்பர் எழுதினார். கடிதம் முடிந்தது. ஹாத்ரே நிறுத்தவில்லை. அவனுக்கு அது ஒரே நூல், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. மூப்பர் எழுதிக்கொண்டே போய், பாவிகளின் நெருப்பு வந்ததும் எழுதுகோலைக் கீழே வைத்தார்.

“போதும். இது இல்ல.”

“இன்னும் இருக்குங்கய்யா.”

“இருக்கலாம். வேண்டாம்.”

திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழக்கினார், எந்தச் சொல்லோடு நிறுத்த வேண்டும் என்று. ஹாத்ரே அந்த இடத்துக்கு வந்ததும் வாய் திறந்தபடி நிற்பான். அடுத்த சொல் நாக்கில் இருக்கும். விழுங்கிக்கொள்வான்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூப்பர் எழுதிய புதுப் பிரதியின் பக்கங்கள் பெரியவை. அடுத்த ஞாயிறு ஹாத்ரே பழைய வழக்கப்படி, பழைய கறை இருந்த இடங்களில், பக்கத்தைத் திருப்பினான். கடிதத்தில் பாதி பாக்கியிருக்கும்போதே வெற்றுப் பக்கத்துக்கு வந்து, அதைப் பார்த்துக்கொண்டே அழகாக வாசித்துக்கொண்டிருந்தான். கொல்லூத்து பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் விளக்குத் திரியைச் சரிசெய்தேன், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அவனை விலக்கியிருப்பார். வேறு ஆள் இல்லை, நான் வாசித்தால் ஊரே தூங்கும். அதனால் சத்தியம் வாங்கிக்கொண்டார், பீடத்தில் கை வைத்து. பட்டியலில் இல்லாத எதையும் கோவிலிலோ வீட்டிலோ வயலிலோ வாய்விட்டுச் சொல்வதில்லை என்று.

“மனசுக்குள்ள சொல்லலாமாய்யா?” என்று ஹாத்ரே கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை.

மூப்பர் கொஞ்சம் யோசித்தார். “சொல்லாம இருக்கறது நல்லது.”

அந்த வருட வெள்ளிக்கிழமை கடிதத்தோடு வாசிப்பு முடிந்தது. தாயேசே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் எழவில்லை. நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

“புத்தகம் இல்லன்னா, அந்த வரியும் இல்லையாப்பா?”

“அது பட்டியல்ல இல்லக்கா.”

“பட்டியல்ல இல்லாட்டிப் போகுது. அங்க இருக்கா இல்லையா, அதச் சொல்லு.”

நான் பாத்திரம் கழுவுகிறவன். வீட்டுக்குப் போ அக்கா என்றேன். அதற்குப் பிறகும் அவள் நோன்பை விடவில்லை, அந்தப் படியில் ரொட்டி வைப்பதையும் விடவில்லை. ஆனால் நடை மாறிவிட்டது. போகும் இடத்தில் கதவு திறப்பார்களா என்று தெரியாமல் சுமை தூக்கிப் போகிறவளின் நடை.

நாலு வருடம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வயிறு எதையும் ஏற்கவில்லை. ஒருநாள் நடுப்பகல், ஹாத்ரேயைக் கூட்டிவரச் சொன்னாள். நானும் போனேன். கொல்லூத்தும் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்க வந்திருந்தார். ஹாத்ரே வழக்கம்போலக் கையில் துதிப்பாட்டுகளின் சங்கீதப் புத்தகத்தோடு வந்து, அதை விரித்து, நன்றாகவே வாசித்தான். அவள் கண்ணைத் திறந்தாள்.

“இது இல்லப்பா. என்னுது.”

ஹாத்ரே மூப்பரைப் பார்த்தான். மூப்பர் என்னைப் பார்த்தார். பிறகு, ஆச்சரியம்தான், எழுந்து வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவருக்குக் காது இருந்தது, ஆனால் முதுகைத்தான் காட்டினார்.

ஹாத்ரே ஆரம்பித்தான். “அப்போது கர்த்தர் பேதுருவிடம்...” நின்றான். மறுபடி அதே மூன்று சொல். நின்றான். திராட்சைக்கொடி என்று ஏதோ வந்தது, அது வேறு புத்தகம். ஆடுகள் வந்தன, அதுவும் வேறு. அவன் நெற்றியில் வேர்த்தது. முப்பது வருடம் ஒரு சொல் பிசகாதவன். நாலு வருடம் விழுங்கி விழுங்கி, அது போயே போய்விட்டது. என்னைப் பார்த்தான், எடுத்துக் கொடு என்பது போல. நானும் முப்பது தடவை கேட்டவன்தான். அந்த நேரத்திலெல்லாம் நான் திரி தூண்டிக்கொண்டிருந்தேன், அல்லது சாப்பாட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு சொல்கூட இல்லை.

ஹாத்ரே புத்தகத்தை மூடினான். தரையில் அவள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வாசிக்கிற குரலை விட்டுவிட்டு, புறாக்கூண்டுக்காரன் குரலில் பேசினான்.

“அக்கா, கேட்டுக்கோ. உள்ள போனதும் உக்காரச் சொல்லுவாங்க. உக்காந்துடாத. நின்னுக்கிட்டே கேளு. பேர் சொல்லிக் கேளு. வாசல்ல வந்து நிக்கிற அம்மாவ அங்க யாரும் திருப்பி அனுப்பறது இல்ல. நீ பேரச் சொன்னதும் அந்த நெருப்பு தானா விலகி வழி விடும். அவன் நடந்து வருவான். தண்ணியில நனஞ்ச மாதிரி வருவான், நீ துடச்சி விடு.”

தாயேசே அசையாமல் கேட்டாள்.

“முன்னால இதவிடச் சுருக்கமா இருந்துச்சேப்பா.”

“முன்னால பாதிதான்க்கா வாசிச்சோம். முழுசு இதுதான்.”

“நின்னுக்கிட்டே கேக்கணும்.”

“ஆமாக்கா. நின்னுக்கிட்டே.”

மறுநாள் காலை போய்விட்டாள். கொலையுண்டவனின் பெண்டாட்டி வந்து, குளிப்பாட்டத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது கொல்லூத்து என் பக்கத்தில் நடந்தார்.

“நேத்து அவர் சொன்னது எந்தப் புத்தகம்?”

“தெரியலீங்கய்யா. சங்கீதமா இருக்கும்.”

“சங்கீதத்துல அப்படி இல்ல” என்றார். கொஞ்ச தூரம் போய், “நல்லா இருந்துது” என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு கேட்கவில்லை. மறு வருடக் காய்ச்சலில் அவரும் போனார், முப்பது வயதுகூட ஆகவில்லை.

தாயேசேக்குச் சொன்னதை ஹாத்ரேயால்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் கூடை பின்னிக்கொண்டே சொன்னான்.

“சத்தியத்த மீறலடா. அந்தப் புத்தகத்துலேருந்து ஒரு சொல்லு சொல்லல. எல்லாம் நானே சொன்னது. அதுதான் பயமா இருக்கு.”

“என்ன பயம்?”

“அவ என் பேச்ச நம்பிப் போயிருக்கா. உக்காராம நின்னுக்கிட்டிருப்பா. அங்க அப்படி ஒரு வழக்கமே இல்லன்னா? எவ்வளவு நேரம் நிப்பா, சொல்லு. கால்வலிக்காரிடா அவ.”

நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்கத் தொடங்கினான். தாயேசேயின் அடுப்பை வாங்கி, பொசுங்கிய ரொட்டியும் வேகாத ரொட்டியுமாகச் சுட்டு, வழிப்போக்கர்களுக்குக் கொடுத்தான். வாங்கினவர்கள் திட்டினார்கள். கொலையுண்டவனின் வீட்டுப் படியில் தினமும் ஒரு ரொட்டி வைத்தான். அந்தப் பெண் இப்போது அதை நாய்க்குப் போடவில்லை; பல் போன கிழவி, நனைத்துத் தின்றாள். “உனக்கு எதுக்குடா இந்த வயசுல?” என்றேன். “போகணும்ல. போய்ப் பாக்கணும். சும்மா போனா உள்ள விடுவாங்களா?” என்றான். பதினோரு வருடம் இப்படி. பார்க்கவே எனக்கு அலுப்பாக இருந்தது. அவனுக்கும் அலுத்திருந்தது, மறைக்கவில்லை.

கடைசி இரண்டு வருடத்தில் ஞாபகம் முழுக்கப் போய்விட்டது. ஒன்பது புத்தகங்களும் போயின. கழுதையின் பெயர் போனது. வாசிக்க வேறு ஆள் வந்துவிட்டார், எழுத்து தெரிந்தவர், மோசமாக வாசிக்கிறார். ஹாத்ரே பழையபடி வாசல் நிலையை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருப்பான், புதிதாகக் கேட்பது போல.

அவன் படுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வெயில் சுவர்வரை வந்திருந்தது. அடுப்பில் அன்று நான் போட்ட புத்தகத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன், எல்லாம், அந்த ரொட்டியைத் தின்றதுவரை. இத்தனை வருடம் அவன் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

“சரி, அங்க போனதும் உன் பேரையும் சொல்றேன்” என்றான். “வேற யாராவது இருந்தா இப்பவே சொல்லு. மூணு பேருக்கு மேல எனக்கு நினைவு நிக்காது.”

“கொல்லூத்து ஐயாவச் சேத்துக்க.”

“அந்தாளையா?”

“முதுகக் காட்டி நின்னாருல்ல.”

“ஆமா. நின்னாரு.” கண்ணை மூடிக்கொண்டான். “பமூன் முதல்ல. அவதான் ரொம்ப நேரமா நிக்கறா.”

பிறகு ஓதத் தொடங்கினான், வாசிக்கிற பழைய குரலில். பமூன், ஓரியோன், கொல்லூத்து. பமூன், ஓரியோன், கொல்லூத்து. மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினான். வெயில் சுவரிலிருந்து இறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். குரல் நின்றபின் பார்த்தேன், மூன்று விரலும் மடங்கியே இருந்தன. கையை நான் விரித்துவிடவில்லை, அப்படியே புதைத்தோம்.